முன்பாதி மரவட்டை

கோபம் வந்தால் பல்லைக் கடிப்பது அவளுடைய வழக்கம். அன்று காலை அதற்கும் வழியில்லாமல் போயிற்று. முந்தைய நாள் மாலைதான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. பல் இருந்த குழியில் பஞ்சு. "ரெண்டு நாளைக்கு அதிகம் பேசாதீங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க. முக்கியமா டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பல் டாக்டர். பாவம், அவருக்கு அவளுடைய கொழுந்தனைத் தெரியாது.

பட்டறையின் ஷட்டரைத் தூக்கி உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது மேசைக்கு அடியில் இருந்த நீலத் தொட்டி. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறப்போடும் தொட்டி அது. அதற்குள் அவள் செய்த கால்கள் கிடந்தன.

தகட்டை வெட்டி, வளைத்து, அரத்தால் ராவி, ஒவ்வொன்றின் நுனியிலும் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டி அவள் செய்த கால்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். குட்டையும் குண்டுமாக, ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. மொத்தத்தையும் கழற்றிக் குப்பை மாதிரி கொட்டியிருந்தான் கொழுந்தன்.

மேசைமேல் எந்திரம் படுத்திருந்தது. ஒரு ஆள் நீளம். குழாயை வெட்டிக் கோத்த கணுக்கள். தலையில் ஒரு கேமரா, ஒரு மைக், ஒலிபெருக்கி, முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு மீசைகள். கார் வைப்பரின் ரப்பரை வெட்டி அவள் வைத்த மீசைகள் அவை; எதிலாவது இடித்தால் அது சுவரா துணியா என்று சொல்லும். அவற்றை மட்டும் அவன் தொடவில்லை. மற்றபடி அவள் பல் டாக்டரிடம் போகும்வரை மரவட்டையாக இருந்தது, திரும்பி வருவதற்குள் பூரானாகிக் கிடந்தது. கணுவுக்கு இரண்டு ஜோடியாக இருந்த கால்கள் ஒரே ஒரு ஜோடியாகக் குறைந்திருந்தன. அந்த ஜோடியும் மெலிந்து நீண்ட கம்பிகள், முன்னாலிருந்து பின்னே போகப் போக இன்னும் நீளமாக. கறுப்புப் பெயின்டுக்கு அடியில் ஒரு கம்பியில் பாதி கிழிந்த துணி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. குடைக்கம்பிகள். வீட்டில் இருந்த குடைகளையெல்லாம் காணோம் என்று மாமியார் நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது புலம்பியது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"படுபாவி" என்றாள். பஞ்சைத் தாண்டி அது பாதிதான் வெளியே வந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அன்று முற்பகல் மீட்புக் குழு வரப்போகிறது. இடிந்த கட்டடங்களுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தேடி எடுப்பதுதான் அவர்கள் வேலை. எந்திரம் பிடித்துப்போனால் கையோடு எடுத்துப் போவார்கள். பிடிக்கவில்லையென்றால் இந்தப் பக்கம் இன்னொரு முறை தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். எந்தக் காலோடு அது அவர்கள் முன்னால் நடக்கிறதோ, அதே காலோடுதான் ஒருநாள் யாரோ ஒருவர் புதைந்து கிடக்கும் இடத்துக்குள் போகும். அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அவளுக்குத் தெரியும்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். தலைக்குப் பின்னால் இருந்த முதல் கணுவின் மூடியைக் கழற்றினாள். குடைக்கம்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அது கிணிங்கென்று குதித்து ஓடிச் சுவரோரம் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்க நன்றாயிருந்தது. அடுத்ததையும் எறிந்தாள்.

*

இந்தப் பட்டறையில் முன்பெல்லாம் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவார்கள். அவள் புருஷனும் அவன் தம்பியும். இவள் கணக்கில்லாத மிக்ஸிகளையும் மின்விசிறிகளையும் பிரித்துப் பூட்டியவள். ஒருநாள் ஒரு துணிக் கிடங்கில் சாமான் தூக்கும் லிப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். புருஷன் பையை மாட்டிக்கொண்டு போனான். அந்தக் கிடங்கின் முதலாளி மேலே இன்னொரு மாடி எழுப்பியிருந்தார், கீழே இருக்கும் தூண்களின் வயதைப் பார்க்காமல். அவன் லிப்டின் அடியில் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் சேர்ந்து கீழே வந்தது.

அவள் செய்தி கேட்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரு சக்கர வண்டியை அனுப்பியிருந்தார்கள், கேமரா வைத்த சிறிய வண்டி. வளைந்த கம்பி ஒன்றில் ஏறி அது கவிழ்ந்துவிட்டிருந்தது. வெளியே வைத்திருந்த திரையில் தூசியும் உடைந்த சிமென்ட்டும் தலைகீழாகத் தெரிந்தன. சக்கரங்கள் காற்றில் சுற்றும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஙீ என்று. யாரும் அதை நிறுத்தவில்லை. கடைசியில் அந்த நச்சரிக்கும் சத்தத்தோடுதான் அவனை வெளியே எடுத்தார்கள். உடம்பில் சூடு அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். ஆறுதலாக நினைத்துச் சொன்னார்கள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து அவளுக்குள் எரிவது இன்னும் அணையவில்லை. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபமே வந்தது. கிடங்கு முதலாளி மேல், துக்கம் கேட்க வந்து கை பிசைந்தவர்கள் மேல், காலணி மாட்டும்போது அறுந்த வார் மேல்.

கவிழ முடியாத ஒரு வண்டி வேண்டும் என்று அவள்தான் முதலில் சொன்னாள். "சக்கரம் வேணாம். கால் வை. நிறைய கால் வை. நாலு போனாலும் நாப்பது மிச்சம் இருக்கணும்." கொழுந்தன் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த நாளே குழாய் வாங்கி வந்தான். அப்போது அவர்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை பூச்சிகளோடு வந்தது. நடையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று பழைய மீன்தொட்டிகள் இரண்டில் மண் நிரப்பினார்கள். ஒன்றில் அவன் பிடித்து வந்த பூரான், செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று. இன்னொன்றில் இவள் செடி ஓரத்தில் பொறுக்கிய மரவட்டை, தொட்டால் சுருண்டு பொத்தான் மாதிரி ஆகிவிடும். "மாடு வளர்க்கறவங்க உண்டு, நாய் வளர்க்கறவங்க உண்டு. என் வீட்டுக்கு வாய்ச்சது மட்டும் இதுங்க" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள்.

கண்ணாடித் தட்டின் மேல் ஓடவிட்டுக் கீழிருந்து போனில் படம் எடுப்பார்கள். பிறகு அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். வேடிக்கை அப்போதுதான் தெரியும். பூரான் சாவகாசமாக நடக்கும்போது பாதிக்குப் பாதி கால்கள் தரையில் இருக்கும். துரத்தினால் உடம்பு பாம்பாக நெளியும். கால்களில் பெரும்பாலானவை தரையை விட்டுவிடும். அங்கே ஒன்று, இங்கே ஒன்றாகச் சில கால்கள் மட்டும் தொட்டுத் தள்ளிவிட்டு மேலே போய்விடும். அதாவது, அத்தனை கால் இருப்பதும் அத்தனையையும் ஊன்றுவதற்கு அல்ல. அவ்வளவு வேகத்திலும் ஒரு காலை இன்னொரு கால் மிதிக்காது. பின்னங்கால் முன்னங்காலைவிட ஒரு பிசிறு நீளம் என்பதால், பின்னது முன்னதைத் தாண்டி வெளியே விழும். கொழுந்தன் இதைக் கண்டுபிடித்த அன்று சாப்பிடக்கூட வரவில்லை. காதலில் விழுந்தவன் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மரவட்டை அப்படியில்லை. அதன் கால்களில் அலை வாலிலிருந்து தலைக்கு ஓடும், வயல்மேல் காற்று போவது போல. எந்த நேரத்திலும் பெரும்பாலான கால்கள் மண்ணில் பதிந்திருக்கும். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் எதிரே ஒரு தீப்பெட்டியை வைத்தாள். தள்ளிக்கொண்டு போனது. பெட்டிமேல் ஒரு நட்டை வைத்தாள். அதையும் தள்ளிக்கொண்டு போனது. பெட்டி நிறைய போல்ட்டுகளைப் போட்டாள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, முதுகு அசையாமல், கால்கள் மட்டும் ஓட, அதையும் நகர்த்தியது. அந்த நொடியில் அவள் முடிவு செய்துவிட்டாள். அவன் அன்றைக்கே வேறொன்றை முடிவு செய்திருக்கிறான் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

*

தலையிலிருந்து தொடங்கிக் கணுக்கணுவாக வந்துகொண்டிருந்தாள். குடைக்கம்பியைப் பிடுங்குவது, தொட்டியிலிருந்து இரண்டு ஜோடி குட்டைக் கால்களைத் துடைத்துப் பூட்டுவது, பிறகு கணுவுக்குள் இருக்கும் சின்னத் திருகை வலப்பக்கம் திருப்புவது. வலப்பக்கம் திருப்பினால் கால் தரையில் அதிக நேரம் நிற்கும். இடப்பக்கம் திருப்பினால் காற்றில் அதிக நேரம் இருக்கும். எல்லாத் திருகுகளும் இடப்பக்கக் கோடியில் போய் நின்றிருந்தன. "காத்துல நடந்து கிழிப்பியா" என்று ஒவ்வொரு திருகிடமும் கேட்டுக்கொண்டே திருப்பினாள்.

மாமியார் ஒரு டம்ளரில் ஆறிய பாலோடு வந்து நின்றாள். தரையில் சிதறிக் கிடந்த கம்பிகளைப் பார்த்தாள்.

"என் குடை" என்றாள்.

"உங்க பிள்ளை" என்றாள் இவள்.

"எந்தப் பிள்ளைம்மா? ஒருத்தன்தானே மிச்சம். தனியா சொல்லணுமா?" மாமியார் டம்ளரை மேசையில் வைத்தாள். "குடி. கோவத்துல குடிச்சா புரையேறும், நிதானமா குடி. ரெண்டு பேரும் இதுக்காக அடிச்சிக்கறதைப் பாத்தா, பெரியவன் இன்னும் இருந்து உங்களைச் சமாதானம் பண்ண வருவான்னு நினைச்சிட்டு அடிச்சிக்கற மாதிரி இருக்கு."

அவள் அடுத்த கணுவின் திருகை முறுக்கினாள். பால் டம்ளரைத் தூர நகர்த்தினாள். மாமியார் குனிந்து நெளியாத கம்பிகளாகப் பார்த்து இரண்டு மூன்றைப் பொறுக்கிக்கொண்டு போனாள், என்ன நினைத்தோ.

பாதி எந்திரம் முடிந்திருந்தபோது வெளியே ஸ்கூட்டர் நின்றது. கொழுந்தன் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஒரு கையில் விருந்தாளிகளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டுகள். இரண்டு எட்டு வைத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணி. என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா?"

"ஐயோ அண்ணி, அவங்க கிளம்பிட்டாங்க. இப்ப போய்..." பாக்கெட்டுகளை ஸ்டூலில் போட்டுவிட்டு ஓடி வந்து எந்திரத்தின் மேல் கையை வைத்தான். "விடுங்க. ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க."

"நான் பல்லைப் பிடுங்கப் போனா, நீ இங்க உக்காந்து காலைப் பிடுங்கறியா? யாரைக் கேட்டுடா கழட்டின?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவன் இதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அதுதான் அவளை ஒரேயடியாகப் பற்றவைத்தது. வாயிலிருந்த பஞ்சைத் துப்பினாள். அது அவன் புதுச் சட்டையில் பட்டு, சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டு விழுந்தது.

"ஓட்டப் பந்தயத்துக்கா விடறே இதை? வழவழன்னு சிமென்ட் தரையில சர்ருனு ஓடும், எல்லாரும் கை தட்டுவாங்க, பிஸ்கட் தின்னுட்டுப் போவாங்க. உள்ளே விட்டா என்னடா பண்ணும் உன் குடைக்கம்பி? ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டி நெளிஞ்சிடும். அப்புறம் காத்துல காலை ஆட்டிட்டு மல்லாந்து கிடக்கும். அதைத்தான் ஏற்கெனவே பாத்தேனே நான்! அந்தச் சத்தத்தை நீ கேக்கல. ஙீன்னு... ராத்திரி தண்ணி மோட்டார் ஓடினாக்கூட எனக்கு அதுதான் கேக்குது."

"நான் கேக்கலையா?"

அவன் குரல் திடீரென்று இறங்கிப் போயிருந்தது. சட்டையிலிருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நீங்க வந்தப்ப அது கவுந்து கிடந்துச்சு. அதைத்தான் நீங்க பாத்தீங்க. நான் அதுக்கு முன்னாடியே அங்க நின்னேன் அண்ணி. உள்ளே விட்டதுலேர்ந்து நின்னேன். எப்படிப் போச்சு தெரியுமா? கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி போச்சு. ஒரு அடி போகும், நிக்கும். திரும்பும், நிக்கும். உள்ளேர்ந்து அண்ணன் தட்டறான். இரும்புல ஏதோ வெச்சுத் தட்டறான். டங் டங்குன்னு கேக்குது. இது ஊர்ந்துட்டு இருக்கு. நான் அந்த ரிமோட் வெச்சிருந்த ஆள் சட்டையைப் பிடிச்சு, வேகமாப் போக வைய்யான்னு கத்தறேன். இதுக்கு மேல வேகம் கிடையாது சார்ங்கறான். அது கவுறதுக்கு முன்னாடியே தட்டற சத்தம் நின்னு போச்சு."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

"தட்டினாரா?"

"ம்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"எப்படிச் சொல்றது? என்னன்னு சொல்றது?" இப்போது அவன் கத்தினான். "உங்களுக்கு அது கவுந்ததுதான் கோவம். எனக்கு அது மெதுவாப் போனதுதான் கோவம். உங்க மரவட்டை கவுறாது, நல்லாத் தள்ளும், எல்லாம் சரி. அது போய்ச் சேர்றதுக்குள்ள உள்ளே இருக்கறவன் தட்டறதை நிறுத்திடுவான். அப்புறம் போய் என்ன, கையெழுத்து வாங்கிட்டு வருமா?"

அவள் அவனை அடித்திருப்பாள். கை எழுந்தது. எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து திருகாணி திருகிக்கொண்டிருந்தவன், அந்தச் சத்தத்தைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அது அவளுடையது. அவள் புருஷன் கடைசியாகச் செய்த சத்தம். அதை அவளிடம் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

"திருடன்" என்றாள்.

அவன் தரையில் கிடந்த குடைக்கம்பி ஒன்றைக் குனிந்து எடுத்தான்.

வெளியே வண்டி ஹாரன் கேட்டது.

*

மீட்புக் குழுவின் தலைவி அகன்ற தோள்கள் கொண்ட நடுவயதுப் பெண். பிஸ்கட்டைத் தொடவில்லை. அவளோடு நான்கைந்து ஆட்கள். அவர்களில் ஒல்லியாக ஒரு பையன். அவனை எல்லோரும் ஒல்லி என்றே கூப்பிட்டார்கள். எங்கே பயிற்சி நடந்தாலும் இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டவனாக நடிப்பது அவன் வேலையாம். "இவன் கல்யாணத்தன்னைக்குக்கூடக் கல்லுக்கு அடியிலதான் தேடணும்" என்றார் ஒருவர். ஒல்லி சலித்துக்கொள்ளாமல் சிரித்தான். பட்டறைக்குப் பின்னால், இடித்த வீடொன்றின் கழிவைக் கொட்டிச் செய்திருந்த மேட்டுக்கு அவர்களே போய்ப் பார்த்தார்கள். தாங்கு கட்டைகள் உறுதியா என்று உதைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கான்கிரீட் பலகையின் அடியில் இருந்த பொந்துக்குள் ஒல்லி நுழைந்துகொண்டான், ஒரு வாக்கிடாக்கியோடு. பொந்தின் வாயைச் செங்கல்லாலும் மண்ணாலும் மூடினார்கள்.

எந்திரத்தை இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். முன்பாதி அவளுடைய குட்டைக் கால்கள், நெருக்கமாக. பின்பாதி அவனுடைய குடைக்கம்பிகள், நீண்டு வளைந்து. இந்தப் பக்கமாவது அந்தப் பக்கமாவது முழுதாக மாற்ற நேரமில்லை.

"இது என்ன" என்றார் ஒருவர், "ரெண்டு பூச்சியை ஒட்ட வெச்சீங்களா?"

"முன்பாதி அண்ணியோடது சார். பின்பாதி என்னுது" என்றான் கொழுந்தன், மரத்துப்போன குரலில்.

"குடும்பத்துல பேச்சுவார்த்தை இல்லையோ?"

ஆட்கள் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. "நடக்கட்டும், பாப்போம்" என்றாள்.

சிமென்ட் தரையில் அது நடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. முன்பாதி நிதானமாகத் தேய்த்துக்கொண்டு போக, பின்பாதி பொறுமையில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, வரிசையில் முண்டியடிக்கிறவன் மாதிரி. அவள் கூசிப்போய் நின்றாள். இவ்வளவு காலமும் வளர்த்த கோபத்துக்கு இப்படியொரு கோமாளி வேஷமா? மேட்டின் அடிவாரத்துக்குப் போனதும் மாட்டிக்கொள்ளப் போகிறது. நீளக் கால் குட்டைக் காலை மிதிக்கும். கவிழும். சத்தம் கேட்கும். அவள் காதுகளைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

மிதிக்கவில்லை. பின்னது நீளமாக இருந்ததால் முன்னதைத் தாண்டி வெளியே விழுந்தது, பூரானுக்கு விழுவது போலவே. தலை ஒரு சந்துக்குள் நுழைந்தது. குட்டைக் கால்கள் இண்டு இடுக்கைப் பிடித்துக்கொண்டு மண்ணை மீசைக்கு முன்னால் தள்ளின. தலை நின்றபோது பின்பாதி நிற்கவில்லை. நீண்ட கம்பிகள் எங்கெங்கோ தாவி, செங்கல் விளிம்பையும் துருத்திய கம்பியையும் ஊன்றி, பின்னாலிருந்து முதுகில் கைவைத்து நெட்டுவதுபோல் தலையை உள்ளே நெட்டின. ஒரு குடைக்கம்பி நெளிந்தது. இன்னொன்று ஒடிந்து வெளியே தெறித்தது. மற்றவை நிற்கவில்லை. வால் ஒருமுறை சுழன்று, பொந்துக்குள் வழுக்கி, மறைந்துபோனது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தலைவி கேமராப் படம் ஓடிய திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். கொழுந்தன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்; அவன் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. திரையில் மண், இருட்டு, ஒரு வேர், மண். பிறகு ஒரு காது.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"வந்துடுச்சு!" ஒல்லியின் குரல். "அக்கா, வந்துடுச்சு. இவ்ளோ சீக்கிரமா? மீசை என் கன்னத்துல படுது. யப்பா, கூசுது! இங்க ஒருத்தர் இருக்காருன்னு கண்டுபிடிச்சிட்டீங்க, வாழ்த்துக்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். தலைவி நிமிர்ந்து, முதல்முறையாக முகம் மலர்ந்து, "எடுத்துக்கறோம்" என்றாள். "இப்படியே எடுத்துக்கறோம். எதையும் மாத்தாதீங்க."

அந்தக் கைதட்டல் அவள் முகத்தில் அறைந்தது.

வேலை செய்கிறது. போய்ச் சேர்கிறது. கன்னத்தைத் தொடுகிறது. இரண்டு மீன்தொட்டியும் சில குடைகளும் ஒரு சைக்கிள் டியூபும் போதுமாயிருந்திருக்கிறது. இவ்வளவுதானா? உலகத்தில் இதைச் செய்ய முன்பே யாருக்கும் தோன்றவில்லையா? பூரான் எவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, மரவட்டை எவ்வளவு காலமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது, வாசற்படியில், குளியலறையில், எல்லோர் கண் முன்னாலும்! அவள் கன்னத்தில் வலி ஒரு துடிப்பாகக் குத்தியது. டங் டங் என்று. வாயில் ரத்தம் ஊறியது.

"வெளிய வா" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் தலைவியின் கையிலிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள்.

"தம்பி, வெளிய வா. போதும்."

"இருங்கக்கா, நல்லாத்தான் இருக்கேன். உள்ளே ஜில்லுன்னு இருக்கு. இன்னொரு தடவை வேற பக்கத்துலேர்ந்து விட்டுப் பாருங்க, நான் சும்மாதான்..."

"வெளிய வாடான்னா!"

கைதட்டல் நின்றது. அவள் வாக்கிடாக்கியைக் கீழே போட்டுவிட்டு மேட்டின்மேல் ஏறினாள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. பொந்தை மூடியிருந்த செங்கற்களைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தாள். ஒன்று யாருடைய காலடியிலோ விழுந்து உடைந்தது. மண்ணைக் கையால் வாரினாள். நகத்துக்குள் காரை ஏறியது. "ஏம்மா, அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒத்திகைதான்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்களின் அதே குரல்.

"எனக்குத் தெரியும்!" என்று திரும்பாமலே கத்தினாள். "ஒத்திகைதான்னு எனக்குத் தெரியும்! வாயை மூடுங்க!"

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. கொழுந்தன். ரிமோட்டை எங்கேயோ போட்டுவிட்டு வந்திருந்தான். புதுச் சட்டையோடு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தான். அவளுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தான். இருவர் கையும் ஒரே செங்கல்லில் பட்டன. அவள் அதை அவனிடமிருந்து பிடுங்கி எறிந்தாள்.

உள்ளே எந்திரம் இன்னும் அணையாமல் கிடந்தது. ஆனால் ஙீ என்ற சத்தம் இல்லை. நிறையக் கால்கள் மண்ணில் உராயும் சத்தம், காய்ந்த இலைமேல் எதுவோ போகிற மாதிரி. அதற்கு நடுவே ஒல்லி, பயந்துபோனவனாக, "அக்கா? வெளிய என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பலகையின் விளிம்பு தெரிந்தது. அவள் விரல்களை அடியில் கொடுத்தாள்.

"மெதுவா, அண்ணி" என்றான் கொழுந்தன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. "மெதுவாத் தூக்குங்க. சரிஞ்சிடும்."

வாயில் ஊறிய ரத்தத்தைப் பக்கத்தில் துப்பினாள்.

"சீக்கிரம்டா" என்றாள். "சீக்கிரம்."